உழவர் சந்தையில் காய் வாங்குவது: பல வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

எங்கள் வீட்டுக்கு வேண்டிய காய், கீரை, தேங்காய், வாழைப்பழம் எல்லாமே பல வருடமாக உழவர் சந்தையில் வாங்கியவைதான். கோவையில் ஆர்.எஸ். புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம் என்று நகரின் நாலா பக்கமும் சந்தைகள் இருப்பதால், வீடு மாறும்போது சந்தை மாறியதே தவிர பழக்கம் மாறவில்லை. நடுவில் தெருமுனைக் கடை, ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட், பத்து நிமிடத்தில் வாசலுக்கே கொண்டுவந்து தரும் செயலி என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அவசரத்துக்கு இன்றும் அவற்றை நாடுவதுண்டு. ஆனால் வாரா வாரம் விடிகாலையில் பைகளை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்புவது நிற்கவில்லை. புதிதாகப் போக நினைக்கிறவர்களுக்கும், ஒரு தடவை போய்விட்டு "ஒரே கூட்டம், நமக்குச் சரிப்படாது" என்று திரும்பி வந்தவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

விலை குறைவு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போனால் சில நாள் ஏமாற்றமாக இருக்கும். தக்காளியோ பெரிய வெங்காயமோ சில சமயம் செயலியில் இதைவிடச் சல்லிசாகக் கிடைத்துவிடும். சந்தையின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. விளைவித்தவரையே பார்த்து, அவரிடமே கேட்டு வாங்க முடிகிறது. இதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்துவிட்டால் ருசியும் விலையும் தானாகக் கூடி வரும். தெரியாவிட்டால் உழவர் சந்தைக்குள் நின்றுகொண்டே மொத்த மார்க்கெட் காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அப்போது முதல்வர் கருணாநிதி. பஞ்சாபில் 'அப்னி மண்டி', ஆந்திராவில் 'ரைத்து பஜார்' என்று அதற்கு முன்னோடிகள் இருந்தன. இரண்டு வருடத்துக்குள் சந்தைகள் நூறைத் தாண்டின. 2001-இல் ஆட்சி மாறியபின் கொஞ்ச காலம் கவனிப்பார் இல்லாமல் கிடந்து, 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. இன்று மாநிலம் முழுக்க நூற்றெழுபதுக்கும் மேல் இருக்கின்றன. விற்க வருகிறவருக்கு நிலம் இருக்கிறதா, அதில் என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்து, படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுக்கிறார்கள். அட்டை இருந்தால் கடைக்கு வாடகை இல்லை. தராசையும் சந்தையிலேயே கொடுத்துவிடுவார்கள். கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று எந்தப் பிடித்தமும் கிடையாது.

விலையை விவசாயி தன் இஷ்டத்துக்குச் சொல்வதில்லை. அன்றைய மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட்டியும், வெளியே சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைத்தும் சந்தை நிர்வாகமும் விவசாயிகளும் சேர்ந்து காலையில் நிர்ணயிக்கிறார்கள். வாசலில் பெரிய பலகையில் எழுதிவைத்திருப்பார்கள். மொத்த மார்க்கெட்டில் கத்தரிக்காய் கிலோ 25 ரூபாய், நம் தெருக் கடையில் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உழவர் சந்தையில் அது 30 ரூபாய்க்கு வரும். நமக்கு 5 ரூபாய் மிச்சம். மண்டிக்குக் கொண்டுபோயிருந்தால் கமிஷன் போகக் கிடைப்பதைவிட அவருக்கு 5 ரூபாய்க்கு மேல் லாபம். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க ஆள் இல்லாததால் வந்த பணம் இது.

இதனால்தான் உழவர் சந்தையில் பேரம் பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. வேறு இடங்களில் பேசுங்கள், தப்பில்லை. இங்கே விலை முன்பே பேசி முடித்த விலை. பலகையில் 30 என்று இருக்கும்போது 20-க்குக் கேட்பது, விடியுமுன் எழுந்து பறித்துக்கொண்டு வந்தவரின் கூலியைக் கேட்பது. அதற்குப் பதில் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். பிடி கறிவேப்பிலையோ ரெண்டு பச்சை மிளகாயோ கொசுறாகக் கேட்காமலேயே பையில் விழும். கடைசி நேரத்தில் மிஞ்சியதை அவர்களாகவே குறைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அது வேறு.

நேரத்தைப் பொறுத்து சந்தையின் முகமே மாறும். இருட்டு விலகும்போதே வியாபாரம் தொடங்கிவிடும், நண்பகலோடு அடங்கிவிடும். ஐந்தரை, ஆறு மணிக்குப் போனால் கீரையில் ஈரம் காய்ந்திருக்காது, முருங்கைக்காயில் நல்லதாகப் பொறுக்கலாம். அந்நேரத்தில் மெஸ் நடத்துகிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் எல்லாம் மொத்தமாக அள்ளிக்கொண்டிருப்பார்கள். இடிபடத் தயாராக இருக்க வேண்டும். ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் என்றால் குடும்பக் கூட்டம், நிதானமாகப் பார்க்கலாம். பத்துக்கு மேல் போனால் கீரையை மறந்துவிடுங்கள். வெண்டைக்காயில் முற்றலும், தக்காளியில் நசுங்கலும்தான் அடியில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை எப்போது போனாலும் தேர்த் திருவிழாதான். முடிந்தால் வாரநாளில் போங்கள். அமாவாசை, கிருத்திகை, வளர்பிறை முகூர்த்தம் இவற்றுக்கு முந்தின நாளைத் தவிர்த்துவிடுங்கள். புரட்டாசி மாதம் முழுக்கவே காய்க்குக் கிராக்கி, விலையும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சந்தைக்குள் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் விளைவித்தவர்கள் இல்லை. யாரோ ஒருவரின் அட்டையை வைத்துக்கொண்டு மொத்த மார்க்கெட்டில் வாங்கி இங்கே விற்கிறவர்களும் உண்டு. இது எல்லா ஊரிலும் விவசாயிகள் சொல்லும் குறை. வாசலுக்கு வெளியே ரோட்டோரம் வரிசையாகப் போட்டிருக்கும் கடைகளோ முழுக்க வியாபாரிகளுடையவை. அவர்களும் பிழைக்கத்தான் வருகிறார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தோட்டத்துக் காயைத் தேடி வந்துவிட்டு வாசலிலேயே பையை நிரப்பிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் மனசு அடித்துக்கொள்கிறது. இன்னும் இருபது அடி உள்ளே போனால் பறித்தவரே உட்கார்ந்திருப்பார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னால் பரப்பியிருப்பதைப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் ஒரே சமயத்தில் நாலைந்து காய்க்கு மேல் வராது. அதுவும் ஒன்றோடொன்று சேர்ந்து வரக்கூடிய காய்களாக இருக்கும். பந்தல் போட்டவரிடம் புடலை, பாகல், பீர்க்கன், சுரை இருக்கும். கூடவே வரப்போரத்துக் கறிவேப்பிலை, ஒரு குலை வாழைக்காய், பத்துத் தேங்காய். கேரட்டும் கத்தரியும் காலிஃபிளவரும் மாங்காயும் ஒரே ஆளிடம் குவிந்திருந்தால் அது தோட்டத்திலிருந்து வந்திருக்காது. அடுத்தது அளவு. எல்லாக் காயும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் யாரோ தரம் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். தோட்டக்காரரின் கூடையில் பெரிசும் சிறிசும் வளைந்ததும் கலந்து கிடக்கும்.

அப்புறம் பேச்சு. "எந்த ஊர்ங்க தோட்டம்?" என்று கேட்டால் தொண்டாமுத்தூர், நரசீபுரம், ஆலாந்துறை, கிணத்துக்கடவு, காரமடை என்று பட்டென்று பதில் வரும். "எப்பங்க பறிச்சது?" என்றால் "நேத்து சாயங்காலங்க, வெண்டைக்காய் மட்டும் இன்னைக்கு வெடியால" என்று பிரித்துச் சொல்வார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, "அடுத்த வாரமும் வருமுங்களா?" என்பது. வியாபாரி "வரும், வரும்" என்பார். தோட்டக்காரர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "இன்னும் ரெண்டு பறிப்பு வருமுங்க, அதுக்கு மேல செடி ஓஞ்சிரும்" என்பார். அந்தப் பதிலை நம்பி அவரிடமே வாங்கலாம்.

எனக்கு வாடிக்கையாகக் கீரை தருகிற அம்மா ஒருவர் இருக்கிறார். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை, மணத்தக்காளி என்று ஆறேழு வகை வைத்திருப்பார். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வாழை நாரில் கட்டிய கட்டுகள். தண்ணீர் தெளித்துத் தெளித்து நிமிர்த்திவைத்த கீரைக்கும் இதற்கும் தொட்டாலே வித்தியாசம் தெரியும். தண்டை ஒடித்தால் பட்டென்று ஒடியும், நார் இழுபடாது. கீரை வாங்கப் போனால் "அம்மிணி, இன்னைக்குப் பாலக்கு வேண்டாம், வெயில் பட்டுத் தளர்ந்துபோச்சு, தண்டங்கீரை எடுத்துக்க" என்று அவரே சொல்லிவிடுவார். தன்னிடம் இருக்கும் சரக்கைத் தானே வேண்டாமென்று சொல்லும் கடையை வேறு எங்கே பார்ப்பது? நாளைக்கும் அதே இடத்தில் உட்கார்ந்து அதே முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறபோது இப்படித்தான் விற்க முடியும்.

சின்ன வெங்காயம் கோவைச் சமையலின் உயிர். அரிசிம்பருப்புச் சாதத்துக்கும் கொள்ளு ரசத்துக்கும் பெரிய வெங்காயத்தைப் போட்டுவிட்டு நானும் சமைத்தேன் என்று சொல்ல முடியாது. வாங்கும்போது பழசா புதுசா என்று கேளுங்கள். புது வெங்காயம் பளபளவென்று ஈரமாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் வீட்டில் வைத்தால் நாலு நாளில் அழுக ஆரம்பிக்கும். தோட்டத்தில் வெங்காயம் சேமிக்கிற பட்டறை போட்டு, காற்றோட்டமாக உலரவைத்த பழைய வெங்காயத்தின் கழுத்து இறுகிச் சுருங்கியிருக்கும். கையில் அள்ளிப் போட்டால் கலகலவென்று சத்தம் வரும். அதை மூங்கில் கூடையில் பரப்பிவைத்தால் ஒரு மாதமும் தாங்கும். ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் மொத்தமாக வாங்குகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த வெங்காயத்தைக் காயவைத்து மேலே பரப்பியிருப்பார்கள். கூடையின் அடியில் கைவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒடித்த காயை அடுத்தவர் வாங்க மாட்டார், அதற்கு நஷ்டப்படுவது அந்த விவசாயி. வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் முற்றிவிடும். செடியில் உள்ள சொணை பட்டுக் கை அரிக்கும் என்று பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, துணி சுற்றிக்கொண்டு பறிப்பார்கள். அப்படிப் பறித்ததை நாம் விளையாட்டாக ஒடித்துப் போடுவது நியாயமில்லை. பிஞ்சா முற்றலா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. பிஞ்சுக்காய் விரல் நீளத்தில், மேலே லேசாகப் பஞ்சு போல ரோமத்தோடு இருக்கும். இரண்டு விரலால் நடுவில் அழுத்தினால் மெத்தென்று கொடுக்கும். முற்றல் காய் விறைத்து நிற்கும். இவ்வளவு போதும்.

கத்தரிக்காய்க்குக் காம்பைப் பார்த்தால் போதும். காம்பு பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருந்தால் அன்று பறித்தது. தூக்கினால் கனமில்லாமல், தோல் மினுமினுப்பாக இருப்பது நல்லது. கனத்தால் உள்ளே விதை. முருங்கைக்காயை லேசாக முறுக்கினால் வளைய வேண்டும். தக்காளியில் நாட்டுத் தக்காளி, ஆப்பிள் தக்காளி என்று இரண்டு குவியல் இருக்கும். ரசத்துக்கும் குழம்புக்கும் புளிப்பான நாட்டுத் தக்காளி. தோல் மெல்லிசு, சாறு அதிகம், ஆனால் பையின் அடியில் போட்டால் சட்னியாகத்தான் வீட்டுக்கு வரும். அதனால் தக்காளிக்கென்று தனியாக ஒரு அகலப் பாத்திரமோ கூடையோ கொண்டுபோவேன். செங்காயாகப் பாதியும் பழுத்ததாகப் பாதியும் கலந்து வாங்கினால் வாரம் முழுக்க ஓடும்.

நீலகிரியிலிருந்து வரும் மலைக்காயும் கிடைக்கும். கேரட்டைப் பொறுத்தவரை ஒரு யோசனை. இயந்திரத்தில் கழுவிப் பளிச்சென்று வைத்திருப்பதைவிட மண் ஒட்டியதாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கழுவும்போது மேல்தோல் உரசுப்படுவதால் அது சீக்கிரம் கொழகொழத்துவிடும். மண்ணோடு இருப்பது நாள்பட நிற்கும்.

சந்தைக்குப் பழகியபின் எங்கள் அடுப்படியில் நடந்த பெரிய மாற்றம், என்ன சமைப்பது என்று எழுதிவைத்துக்கொண்டு கிளம்புவது நின்றுபோனது. அங்கே எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த வாரச் சமையல். குவிந்து கிடக்கிற காய்தான் விலையும் குறைவு, ருசியும் அதிகம். மார்கழிப் பனிக்கு அவரை கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பட்டை அவரை, கோழி அவரை என்று இரண்டும் வரும். தையில் பச்சை மொச்சையும் பச்சைத் துவரையும் வந்துவிடும். பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாளும் அரசாணிக்காயும் (பரங்கிக்காய்) மஞ்சள் கொத்தும் கரும்பும் சந்தையை அடைத்துக்கொள்ளும். அரசாணிக்காயைக் கீற்றாக அறுத்துத் தருவார்கள், முழுக்காயும் வாங்கலாம். அறுக்காத காய் வீட்டு மூலையில் வாரக்கணக்கில் கெடாமல் கிடக்கும். சித்திரையில் மாங்காய், பலாக்கொட்டை. மழை பிடித்துக்கொண்டால் கீரை அழுகும், தக்காளி வெடிக்கும். அப்போது சேனை, மேரக்காய் (சௌசௌ), வாழைத்தண்டு, வாழைப்பூ என்று மாறிக்கொள்ள வேண்டியதுதான். பொரியல் தட்டை என்கிற நீளக் காராமணிக்காய் மட்டும் வருடத்தில் பல மாதம் எங்காவது ஒரு கூடையில் இருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவரையும் மொச்சையும் எந்த மாதத்தில் வரும் என்று தெரிந்திருப்பது இந்தச் சந்தையால்தான். எனக்கு அதில் ரொம்பவே சந்தோஷம்.

2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியது நினைவிருக்கும். அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. அந்த நாட்களில் உழவர் சந்தையிலும் தக்காளி மலிவாக இருக்கவில்லை. இருக்கவும் முடியாது. விலையே மொத்த மார்க்கெட்டைப் பார்த்துத்தான் நிர்ணயமாகிறது. விளைச்சல் இல்லாதபோது சந்தை அற்புதம் எதையும் செய்யாது. ஆனால் ஏறும்போது வெளியே போல கண்மண் தெரியாமல் ஏறவில்லை, இறங்க ஆரம்பித்ததும் முதலில் இறங்கியது இங்கேதான். தெருக் கடைகளில் விலை இறங்க இன்னும் சில நாள் பிடித்தது. எதிர்ப்பக்கமும் உண்டு. விலை அடியோடு விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று தக்காளியைச் செடியிலேயே விடுகிற நாட்களில், இங்கே கொண்டுவந்து விற்றால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியுமாவது கையில் நிற்கும் என்று விவசாயிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மாதிரி நாட்களில் வேண்டுமென்றே ரெண்டு கிலோ சேர்த்து வாங்கித் தொக்கு கிளறி வைத்துவிடுவோம்.

2020 ஊரடங்கில் சந்தைகள் பல ஊர்களில் பேருந்து நிலையங்களுக்கும் மைதானங்களுக்கும் மாற்றப்பட்டன. சுண்ணாம்பில் வட்டம் போட்டு இடைவெளி விட்டு நிற்கவைத்தார்கள். போக்குவரத்து இல்லாமல் தூரத்து ஊர்க்காரர்களால் வர முடியவில்லை. பழக்கமான சிலரின் போன் நம்பர் அப்போது கைகொடுத்தது. நாலைந்து வீட்டுக்குச் சேர்த்துச் சொன்னால் டெம்போவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. வீட்டில் விசேஷம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், வாழையிலை முதல் தேங்காய் வரை ஒரே தோட்டத்திலிருந்து வந்துவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வண்டி நிறுத்த இடம் போதாது. நான் பழகிய எந்தச் சந்தையிலும் இது தீரவில்லை. வெளியே ரோட்டோரக் கடைகளும் நிறுத்திய ஸ்கூட்டர்களும் சேர்ந்து, வயதானவர்கள் உள்ளே போய் வருவதே பாடாகிவிடுகிறது. மழை பெய்தால் நடைபாதை சொதசொதவென்று ஆகிவிடும், வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள். பெண்கள் ராத்திரியே கிளம்பி வந்து மதியம் வரை உட்கார்ந்திருக்கும் இடத்தில் கழிப்பறை சுத்தமாக இருப்பது முதல் தேவை. அது எல்லா இடத்திலும் எல்லா நாளும் அப்படி இல்லை. வாங்க வருகிற நாம் அரை மணியில் போய்விடுகிறோம், அவர்கள் பாடு அப்படியல்ல. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

தராசைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பெரும்பாலும் எலக்ட்ரானிக் தராசுதான். தட்டு வைத்தபின் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கினால் போதும். சந்தேகம் வந்தால் உள்ளேயே அலுவலகம் இருக்கிறது, அங்கே சொல்லலாம். பலகை விலையைவிடக் கூட்டிக் கேட்டாலும் அங்கேயே போய்ச் சொல்லலாம்.

உழவர் சந்தைக் காய் என்றாலே மருந்தடிக்காத காய் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி இல்லை. நேரடியாக வருகிறது என்பதுதான் இதன் உறுதி, இயற்கை விவசாயம் என்பது இல்லை. இயற்கை முறையில் பண்ணையம் பார்க்கிறவர்களும் சிலர் வருகிறார்கள். அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மற்றவர்களிடம் நான் நேரடியாகவே கேட்டுவிடுவேன்: "மருந்தடிச்சு எத்தனை நாளாச்சுங்க?" பெரும்பாலானவர்கள் மறைப்பதில்லை. "காலிஃபிளவருக்கு அடிக்காம முடியாதுங்க, புழு விடாது" என்று சொன்னவர், அதே மூச்சில் "சுரைக்காய்க்கு எதுவும் அடிக்கலீங்க, தைரியமா எடுத்துக்கங்க" என்றும் சொன்னார். இந்த மாதிரி விவரம் எந்தப் பாக்கெட்டின் மேலும் எழுதியிருக்காது. எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, பிறகு ஓடும் தண்ணீரில் அலசிவிடுவோம். கறிவேப்பிலையையும் காலிஃபிளவரையும் இரண்டு தடவை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் ஒரு மணி நேர வேலை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கீரையை ஆய்ந்து பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும், அப்படியே பையோடு வைத்தால் மறுநாளே மஞ்சளாகிவிடும். கறிவேப்பிலையை ஈரம் போக உலர்த்தி, காம்பிலிருந்து உருவி டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் பச்சையாக இருக்கும். பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிவிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சுமைதான். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதால் முடிகிறது. தனியாக இருக்கிறவர்கள், ஒரு நாளுக்குக் கால் கிலோ காய் போதும் என்கிறவர்கள், இவ்வளவு சிரமப்படத் தேவையில்லை. மாதத்தில் ஒரு தடவை தேங்காய், வெங்காயம், சேனை போல நின்று தாங்கும் பொருட்களுக்காக மட்டும் வந்தால் போதும்.

துணிப்பை அவசியம் கொண்டுபோங்கள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும் கேரி பேக் முழுக்க ஒழியவில்லை. நாம் கேட்காவிட்டால் அவர்கள் அதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பணம் கொடுக்க எல்லோரிடமும் கியூஆர் அட்டை இருக்கிறது. இருந்தாலும் சில்லறை நோட்டாகக் கொஞ்சம் வைத்துக்கொள்வேன். வயதான பலருக்கு அந்தக் கணக்கு மகனுடையதோ பேரனுடையதோ. ஊருக்குத் திரும்ப பஸ்ஸுக்கும், வழியில் டீக்கும் கையில் காசு வேண்டும். "கண்ணு, நோட்டா இருந்தாக் குடு" என்று கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.

சில ஊர்களில் மாலை நேரத்தில் சிறுதானியம், பயறு, செக்கெண்ணெய் விற்கவும் உழவர் சந்தை வளாகங்களைத் திறந்துவிடுகிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கடை போடுகின்றன. காலையில் வர முடியாதவர்களுக்கு இது வசதி. காய்க்கு நான் இன்னும் காலையைத்தான் நம்புகிறேன்.

நிர்வாகம் ஒன்றே ஒன்று செய்தால் போதும் என்பது என் வெகுநாள் ஆசை. வாசலில் விலைப் பலகை இருப்பதுபோல, ஒவ்வொரு கடையின் மேலும் அந்த விவசாயியின் ஊர், இந்தப் பருவத்தில் அவர் நிலத்தில் நிற்கும் பயிர் இரண்டையும் எழுதிய சிறு பலகை வைக்க வேண்டும். விவரமெல்லாம் அட்டை கொடுக்கும்போதே அலுவலகத்தில் பதிவாகிவிட்டதுதான், புதிதாகச் சேகரிக்க எதுவுமில்லை. பந்தல் காய் என்று எழுதிய பலகையின் கீழே பீன்ஸ் மூட்டை இருந்தால் வாங்குகிறவரே கேட்டுவிடுவார். சந்தைக்குள் குறை எழுதும் நோட்டு கேட்டால் கொடுப்பார்கள். இதை அதில் எழுதிவைத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊர்ச் சந்தையில் எழுதுங்கள்.